இழை: ‘ட்ரோன்’ இசை – முரலிசையா, சுருதியா, நீடிசையா?

மடல் 1
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘ஸ்டார்ஸ் ஆஃப் த லிட்’ என்னும் அமெரிக்க இருவர் குழுவின் இசைத்தட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் பேசும் கட்டுரை ஒன்றை, ஓர் இசை இதழுக்காகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், இன்று திங்கள். பன்னிரண்டு பக்கங்களில், ஒலியை நெடுநேரம் நீட்டிப் பிடிக்கும் இசையைக் குறிக்கும் ‘ட்ரோன்’ என்ற சொல் நாற்பத்தொரு முறை வருகிறது என்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான் உங்களிடம் வருகிறேன்.

கேட்டிராதவர்களுக்காகச் சில வரிகள். பிரையன் மேக்பிரைட், ஆடம் வில்ட்ஸி ஆகிய இருவரும் 1993இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இக்குழுவைத் தொடங்கினார்கள். தாளக்கருவி கிடையாது; வாய்ப்பாட்டும் கிடையாது. கித்தாரின் ஒலியைக் கருவிகளுக்குள் செலுத்தி, கித்தார் என்றே அடையாளம் தெரியாத அளவுக்கு உருமாற்றி, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் நீண்ட ஒலிப்பரப்பாக்கினார்கள். 1995இல் ‘மியூசிக் ஃபார் நைட்ரஸ் ஆக்ஸைடு’ வந்தது. மறு ஆண்டே இரண்டாவது தட்டு. 1997இல் சிகாகோவின் கிராங்கி நிறுவனம் வெளியிட்ட ‘த பலாஸ்டட் ஆர்கெஸ்ட்ரா’வில், ‘டுவின் பீக்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் முப்பதாம் பகுதிக்கான இசை என்று இரு பாகங்களில் ஓர் உருப்படி இருக்கிறது. அத்தொடரின் பகுதி எண்கள் அந்நாளில் இருபத்தொன்பதோடு முடிந்துவிட்டன என்பதுதான் அதிலுள்ள குறும்பு. அடுத்து 1998இலும் 1999இலும் ஒவ்வொரு தட்டு. 2001இல் ‘த டயர்ட் சவுண்ட்ஸ் ஆஃப் ஸ்டார்ஸ் ஆஃப் த லிட்’, 2007இல் ‘அண்ட் தெயர் ரிஃபைன்மென்ட் ஆஃப் த டிக்ளைன்’; இவ்விரண்டும் மும்மூன்று இசைத்தட்டுகளில், ஏறத்தாழ இரண்டிரண்டு மணிநேரம் ஓடுபவை. அதன் பிறகு புதிய தட்டு வரவில்லை. மேக்பிரைட் 2023 ஆகஸ்டில், 53 வயதில் காலமானார்.

எனக்கு வேண்டியவை இரண்டு. ‘ட்ரோன்’ என்னும் இசை வகைக்கு நாற்பத்தொரு முறை வந்தாலும் சலிக்காத ஒரு சொல். ஒரு குழுவின் தட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்வதற்கு ஒரு சொல். ‘ரீங்கார இசை’ என்று எழுதிப் பார்த்தேன். காதருகே கொசு வந்துவிட்டது.


மடல் 2
அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி,

நல்ல வேளை, கொசு வந்ததோடு நின்றது. ரகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது என்பதால், அதை எழுதுவதானால் ‘இரீங்காரம்’ என்றுதான் எழுத வேண்டும். அப்போது கொசுவும் ஓடிவிடும், வாசகரும் ஓடிவிடுவார்.

வேர் தேடாமல் சொல் ஆக்கக் கூடாது. ஆங்கிலத்தில் அச்சொல் ஆண் தேனீயைக் குறிப்பது. தேனீயிலிருந்து அதன் ஓசைக்கும், ஓசையிலிருந்து இசைக்கும் போயிற்று. தேனீயின் ஓசைக்கு நம்மிடம் பஞ்சமா? வண்டு இமிரும், முரலும், மூசும், அறையும். ‘மூசு வண்டறை பொய்கை’ என்று அப்பர் நான்கே சொல்லில் ஒரு குளம் முழுவதையும் ஒலிக்க வைத்துவிடவில்லையா? இவற்றுள் ‘முரல்’ இசைக்கு மிக அணுக்கமானது. வண்டுக்கு மட்டுமன்றி யாழுக்கும் குழலுக்கும் பாடுதலுக்கும் வழங்கியிருக்கிறது. ஆகவே ‘முரலிசை’. எளிது, இனிது, தூயது.

ஒன்று கூடுதலாக. குழலைக் குறிக்கும் ‘முரளி’ என்னும் வடசொல்லும் இந்த ‘முரல்’ வேரிலிருந்தே போயிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. முரல், முரலி, முரளி. முரசு, முரம்பு, முரஞ்சல் என்னும் சொற்களையும் இத்துடன் வைத்துப் பார்த்தால்…


மடல் 3
அனுப்பியவர்: இதழ்ப் பிழைதிருத்துநர்

புலவர் ஐயா முரம்பு வரை போய்விட்டார். பருக்கைக்கற்கள் நிறைந்த மேட்டுநிலம் எப்படி முரலும் என்று கேட்க ஆசைதான். கேட்டால் இந்த இழை மேட்டை விட்டு இறங்காது என்பதால் கேட்கவில்லை.

என் தொழில், பிறர் எழுதியதை வாசகர் தடுக்கி விழாமல் படிக்கும்படி செய்வது. ‘முரலிசை’ என்று தலைப்பில் கண்ட வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். இந்த இசையைக் கேட்பவர்கள் ஏற்கெனவே ‘ட்ரோன்’ என்றுதான் சொல்கிறார்கள்; தேடுபவர்களும் அப்படித்தான் தேடுகிறார்கள். தமிழில் ஜாஸ் இருக்கிறது, ராக் இருக்கிறது. அவற்றுக்கு யாரும் வேர் தோண்டவில்லை. இசை வகையின் பெயர் ஏறத்தாழ ஊர்ப் பெயர் போன்றது. ஊர்ப் பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.


மடல் 4
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

பிழைதிருத்துநர் ஐயா சொல்வதை ஒப்புக்கொண்டு ‘ட்ரோன் இசையின் வரலாறு’ என்று ஒரு துணைத்தலைப்பு எழுதி, நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். ‘ஆளில்லா விமானத்தில் ஒலிபெருக்கி கட்டிப் பறக்கவிடுவார்களா?’ என்று பதில் வந்தது. ஜாஸுக்கும் ராக்குக்கும் இந்தச் சிக்கல் இல்லை. தமிழில் அவற்றுக்கு வேறு பொருள் கிடையாது. ‘ட்ரோன்’ என்றால் இன்று நான்கு விசிறிகளோடு வானில் நிற்பது ஒன்றுதான்.

தேடிப் பார்த்ததில், அந்தப் பறக்கும் பொருளுக்கும் தேனீயே ஞானத்தாய் என்று தெரிந்தது. 1935இல் பிரித்தானியர் பீரங்கிப் பயிற்சிக்கான இலக்காகப் பறக்கவிட்ட, வானொலியால் இயக்கப்பட்ட விமானத்துக்கு ‘குவீன் பீ’, அதாவது ராணித் தேனீ, என்று பெயர் வைத்தார்களாம். அதைப் பார்த்துத் தாமும் செய்த அமெரிக்கக் கடற்படையினர் தம்முடையதற்கு ஆண் தேனீயின் பெயரைச் சூட்டினார்களாம். ஆக, ஒரே பூச்சி இரண்டு இடங்களில் கொட்டுகிறது.


மடல் 5
அனுப்பியவர்: இசை ஆசிரியை

நண்பர்களுக்கு,

இல்லாத ஒன்றுக்குப் பெயர் தேடுவது போல எல்லோரும் பேசுகிறீர்கள். தம்புராவின் எதிரே அமர்ந்து முப்பது ஆண்டுகளாகப் பாடச் சொல்லித்தருகிறேன். பஞ்சமம், சட்சம், சட்சம், மந்தர சட்சம் என்று நான்கு தந்திகளும் ஓயாமல் ஒலிக்கின்றனவே, அது என்ன? மேற்கத்தியர் எழுதும் புத்தகங்களில் தம்புராவுக்கு அவர்கள் இடும் பெயரே இந்தச் சொல்தான். நாம் அதைச் சுருதி என்கிறோம். ‘சுருதியிசை’ என்று எழுதினால் எந்த வாசகருக்கும் விளங்கும். புலவர் ஐயாவுக்கு வடசொல் ஆகாது என்றால் தமிழ்ச்சொல்லும் உண்டு: நாகசுரத்துக்குத் துணையாக ஊதும் ஒத்து. விரலால் வாசிக்கும் துளைகள் அதற்குக் கிடையாது. அடிப்பகுதியில் உள்ள சிறு துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி கூட்டிவிட்டு, கச்சேரி முடியும் வரை ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடித்திருப்பார்கள். இதைவிடத் துல்லியமாக அந்தக் கருத்தைச் சொல்ல யாரால் முடியும்? ‘ஒத்திசை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.


மடல் 6
அனுப்பியவர்: இதழ்ப் பிழைதிருத்துநர்

அம்மா, ஒத்து நல்ல கருவி. ஆனால் ‘ஒத்து ஊதுகிறான்’ என்று ஒருவரைப் பற்றி எழுதினால் என்ன பொருள் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் இசை என்று படித்துவிடுவார்கள். ‘ஒத்திசைவு’ என்ற சொல்லும் வேறு இரண்டு மூன்று துறைகளில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் இன்னொருவரைத் தள்ள வேண்டாம்.


மடல் 7
அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஒத்து ஊதுதல் என்ற மரபுத்தொடர் அந்தக் கலைஞனுக்குச் செய்த அநீதியைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம். ஒரு சுரத்தை இரண்டு மணிநேரம் சிதையாமல் பிடித்திருப்பவன் இல்லாவிட்டால் நாகசுரக்காரர் எங்கே நிற்பார்?

ஆயினும், ஆசிரியை அம்மையார் சுருதி என்றதும் ஒரு பழைய வரி நினைவுக்கு வந்து இரவு தூக்கம் போயிற்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரையில், ஆளத்தி, அதாவது ஆலாபனை, பாடும் முறையைச் சொல்லுமிடத்து, ‘மகரத்தின் ஒற்றால் சுருதி விரவும்’ என்றொரு வெண்பாவை அடியார்க்கு நல்லார் எடுத்துக்காட்டுகிறார். வாயை மூடிக்கொண்டு ‘ம்…’ என்று நீட்டிப் பாருங்கள். பண்ணைத் தொடங்கும் முன் பாடகன் தானே தனக்குத் தம்புராவாகிறான். இதை வைத்து ‘மகரவிசை’ என்று ஒரு சொல் ஆக்கலாமா என்று விடியும் வரை எண்ணினேன். விடிந்ததும், மீனாகிய மகரம், இராசியாகிய மகரம், யாழாகிய மகரம் மூன்றும் எதிரே வந்து நின்றன. விட்டுவிட்டேன். முரலிசையே என் கட்சி.


மடல் 8
அனுப்பியவர்: ஒலிப்பதிவுப் பொறியாளர்

வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இழை தேனீயையும் தம்புராவையும் சுற்றிச் சுற்றி வருவதால், அந்த இசைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

கித்தார்த் தந்தியை மீட்டினால் முதலில் ஒரு சிறு வெடிப்பு எழும். அதன் பிறகுதான் ஒலி தணிந்து நீளும். கருவி எது என்று காது கண்டுகொள்வது பெரும்பாலும் அந்த முதற்கணத்தைக் கொண்டுதான். 1948இல் பிரான்சில் பியர் ஷேஃபர் ஒரு மணியோசையைப் பதிவு செய்து, அடி விழும் தொடக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கேட்டார். மணி போய்விட்டது, ஏதோ ஒரு குழல் ஊதுவது போல் ஒலித்தது. ‘ஸ்டார்ஸ் ஆஃப் த லிட்’ செய்வதும் இதற்கு உறவானதே. ஒலியளவு மிதியைக் காலால் கீழே வைத்துக்கொண்டு தந்தியை மீட்டி, வெடிப்பு அடங்கிய பிறகு மிதியை மெல்ல உயர்த்தினால், எங்கிருந்து தொடங்கிற்று என்றே தெரியாத ஒலி அலையாக ஏறும். புலவர் ஐயாவின் மொழியில் சொன்னால், மெய்யை நீக்கிவிட்டு உயிரை மட்டும் விடுகிறார்கள்.

அடுத்து, ‘ஒரே சுரம்’ என்பது காகிதத்தில்தான் ஒரே சுரம். தம்புராவையே எடுத்துக்கொள்வோம். பாலத்தின் மேல் தந்திக்கு அடியில் இடும் நூலிழையைக் கூர்ந்து பாருங்கள். அதை மயிரிழை நகர்த்தினாலே ஒலி பூத்துவிடும் அல்லது செத்துவிடும். மீட்டிய ஒவ்வொரு முறையும் மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அடங்குகின்றன. பாடகர் பாடும்போது நம் கவனம் அவரிடம் போய்விடுவதால் இதைக் கேட்பதில்லை. பாடகரை எழுந்து போகச் சொல்லிவிட்டுத் தம்புராவை மட்டும் ஒரு மணிநேரம் கேளுங்கள். அதுதான் இந்த இசை வகை. சுருதி என்ற பெயரோடு எனக்கு உள்ள வழக்கும் இதுவே. சுருதி என்பது ஒரு பொறுப்பின் பெயர். இன்னொன்றைத் தாங்குவதற்காக இருப்பது. இங்கே தாங்கப்படுவது எதுவும் இல்லை. அடித்தளமே வீடு.

முரலிசைக்கும் இதே வகையான வழக்கு. முரல்வது ஒலியின் தன்மை. அதில் ஓர் அதிர்வும் கரகரப்பும் உண்டு. 1995ஆம் ஆண்டுத் தட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். நான்கு தடப் பதிவுக் கருவியின் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் 2001ஆம் ஆண்டுத் தட்டின் தொடக்கத்தில் வரும் ‘ரெக்வியம் ஃபார் டையிங் மதர்ஸ்’ இரு பாகங்களிலும் வில்லால் இசைக்கும் தந்திகள் வந்து எழுவதை எந்த வண்டோடு ஒப்பிடுவது?

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றே: நேரம். லா மான்டே யங் 1960இல் எழுதிய ஓர் ஆக்கம் இரண்டே சுரங்கள் கொண்டது. பியும் (B) எஃப் கூர்ப்பும் (F#). அவற்றின் கீழே, நீண்ட நேரம் பிடித்திருக்க வேண்டும் என்ற ஒரே குறிப்பு. மொத்த இசை வகையும் அந்தக் குறிப்புக்குள் அடங்கிவிடுகிறது. தேனீ அதில் இல்லை, விமானமும் இல்லை. நீளுதல் இருக்கிறது. ஆகவே ‘நீடொலி’ அல்லது ‘நீடிசை’ என்று முன்மொழிகிறேன்.


மடல் 9
அனுப்பியவர்: இசை ஆசிரியை

அந்த இரண்டு சுரங்களும் நமக்குச் சட்சம், பஞ்சமம். பழைய பெயரில் குரலும் இளியும். அவர் எழுதியதே தம்புராவைத்தான் என்று நான் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? அந்த மனிதர் பின்னாளில் பண்டிட் பிராண்நாத்திடம் சீடராக இருந்து பாடக் கற்றவர் என்பதையும் பொறியாளர் சேர்த்து எழுதியிருக்கலாம்.

ஆயினும், பாடகரை எழுந்து போகச் சொல்லும் இடத்தில் என்னிடம் பதில் இல்லை. மாணவர்கள் வருவதற்கு முன் தம்புராவை மீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் வழக்கம் எனக்கும் உண்டு. அதற்கு நான் இதுவரை பெயர் வைத்ததில்லை.


மடல் 10
அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

என் கட்சிக்கு எதிராக நானே ஒரு சான்றைத் தருகிறேன். மறைத்தால் நாளை வேறொருவர் எடுத்துக்கொண்டு வருவார். தொல்காப்பியம், நூன்மரபின் கடைசி நூற்பா:

அளபிறந் துயிர்த்தலும் ஒற்றிசை நீடலும்
உளவென மொழிப இசையொடு சிவணிய
நரம்பின் மறைய என்மனார் புலவர்.

எழுத்துகளுக்கு மாத்திரை வகுத்து முடித்த ஆசிரியர், இசை நூலில் இந்த அளவுகள் செல்லா, அங்கே உயிர் தன் அளவைக் கடந்து ஒலிக்கும், ஒற்றும் நீடும் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். ‘இசை’, ‘நீடல்’ என்னும் இரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. பொறியாளர் தம்பி இதைப் படித்துவிட்டுத்தான் சொல் ஆக்கினாரா என்பது தெரியவில்லை. படிக்காமல் ஆக்கியிருந்தால் இன்னும் சிறப்பு.

‘நீடிசை’ வினைத்தொகையும் ஆகும். நீடிய இசை, நீடுகின்ற இசை, நீடும் இசை என்று மூன்று காலமும் கரந்து நிற்கும். தொடங்கியதும் தெரியாமல் முடிவதும் தெரியாமல் ஒலிப்பதற்கு வினைத்தொகையைவிடப் பொருத்தமான இலக்கணம் இல்லை. நன்னூலார் ஒற்றளபெடைக்கு உரியனவாகச் சொல்லும் எழுத்துகளில் வல்லினம் ஒன்றுகூட இல்லை என்பதையும் கவனிக்க: வல்லெழுத்து வெடித்து நிற்கும், நீளாது. அந்தக் கித்தாரின் முதல் வெடிப்பு வல்லினம். அதை நீக்கிய பின் எஞ்சுவது மெல்லினமும் இடையினமும். ‘ட்ரோன்’ என்ற சொல்லோ வல்லினத்தில், அதுவும் மொழிமுதல் வாராத டகர ஒற்றில் தொடங்குகிறது!

இவ்வளவும் சொன்ன பிறகும் என் வாக்கு முரலிசைக்கே. காரணம் காதில் இருக்கிறது. ‘நீடிசை’ என்ற சொல்லுக்குள் எதுவும் ஒலிக்கவில்லை.


மடல் 11
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

இன்று புதன் இரவு. நேற்று நள்ளிரவிலிருந்து ‘நீடிசை’யை வைத்து எழுதிப் பார்த்தேன். முதல் ஐந்து தட்டுகள் வரை ஒரு தடையும் இல்லை. 2007இல் போய் முட்டிக்கொண்டேன்.

அந்தத் தட்டின் பதினெட்டு உருப்படிகளில் இரண்டுக்கு ‘ஆர்ட்டிகுலேட் சைலன்ஸஸ்’ என்று பெயர். முதற்பாகம், இரண்டாம் பாகம். ‘பேசும் மௌனங்கள்’ என்று கை தானாக எழுதிவிட்டது. கவியரங்க வாடை வீசியதால் அடித்துவிட்டேன். என் சிக்கல் தலைப்பில் இல்லை. காதொலிப்பானைப் போட்டுக்கொண்டு கேட்டால், தந்திகளும் ஊதுகருவிகளும் ஒரு மூச்சு எழுந்து, தணிந்து, அநேகமாக ஒன்றுமே இல்லாத ஓர் இடத்துக்கு வந்து நிற்கின்றன. தட்டு முடிந்துவிட்டதோ என்று திரையைப் பார்க்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு அடுத்த மூச்சு எழுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் ஓர் இசைக்கருவி போல வேலை செய்கிறது. நீடிக்காமல் நின்று நின்று வருவதை நீடிசை என்று எப்படி எழுதுவது? பன்னிரண்டு ஆண்டுகளில் இவர்கள் ஒலியைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பதுதான் கட்டுரையின் மையக் கருத்து. என் சொல்லோ 2007க்கு முன்பே நின்றுவிடுகிறது.

இன்னொன்று, இந்தக் குழுவுக்கு எழுதும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேக்பிரைட் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சொற்போர்ப் பயிற்சி அளித்தவர். வாதத்தைத் தொழிலாகக் கொண்டவர் ஒரு வரிகூடப் பேசாத இசையைச் செய்திருக்கிறார்.


மடல் 12
அனுப்பியவர்: ஒலிப்பதிவுப் பொறியாளர்

தம்பி, நிற்பது ஒலி, நேரம் நிற்கவில்லை. அந்த வெறுமைக்குள்ளும் நீங்கள் காத்துக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? திரையைப் பார்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘நீடொலி’ என்று மட்டும் வைத்திருந்தால் உங்கள் எதிர்ப்பு சரி. ‘நீடிசை’ என்றால் அமைதியும் உள்ளே வந்துவிடுகிறது. இசையில் அமைதிக்கு இடம் உண்டு, ஒலியில் இல்லை. எனவே என் முன்மொழிவில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்: ‘நீடொலி’ ஒலிக்கு, ‘நீடிசை’ வகைக்கு. ‘ஆம்பியன்ட்’ என்னும் இசை வகைக்கு ‘சூழிசை’ போதும். பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று வெளியிட்ட தட்டிலிருந்து அந்தப் பெயர் பரவியது, சூழ்ந்து நிற்பது என்பதே அதன் பொருள். இரண்டும் சேரும்போது ‘நீடொலிச் சூழிசை’.


மடல் 13
அனுப்பியவர்: இதழ்ப் பிழைதிருத்துநர்

முதல் முறை வரும்போது ‘ட்ரோன் எனப்படும் நீடிசை’ என்று எழுதி, பிறகு நீடிசை என்றே நடத்துவதானால் என் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்கிறேன், விலக்கிக்கொள்ளவில்லை. ‘நீடொலிச் சூழிசை’ என்பதைத் தயவுசெய்து ஒரு முறைக்கு மேல் எழுத வேண்டாம்.

தட்டுகளின் வரிசைக்கு என்ன செய்தீர்கள்? நூல்களின் பட்டியலை ‘நூலடைவு’ என்கிறோம். அதன் வழியில் ‘தட்டடைவு’ என்று வைக்கலாமே.


மடல் 14
அனுப்பியவர்: இசை ஆசிரியை

‘தட்டடைவு’ என்று சற்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். என் வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடக்கிறது. முதல் நாள் வரும் குழந்தை அரைமண்டியில் நின்று தரையைத் தட்டுவதற்குப் பெயர் தட்டடவு. உங்கள் கட்டுரையைப் படிப்பவர்கள் அந்த அமெரிக்கர் இருவரும் சலங்கை கட்டியதாக நினைத்துக்கொள்வார்கள்.


மடல் 15
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

‘இசையடைவு’ என்று மாற்றிவிட்டேன். யாரும் மறுக்காததற்குக் காரணம் அது நன்றாக இருப்பதா, எல்லோரும் களைத்துவிட்டதா என்று தெரியவில்லை, எதுவாயினும் நன்றி. ‘நீடிசை’க்கு நால்வர், ‘முரலிசை’க்கு ஒருவர், ‘ட்ரோன்’ என்பதை அப்படியே விட இருவர், சுருதிக்கு ஆசிரியை அம்மா, தனி மடலில் ‘எதையாவது வைத்து முடியுங்கள்’ என்று எழுதிய மூவர். இதைப் பெரும்பான்மை என்று எடுத்துக்கொள்கிறேன். குழுவின் பெயரை மொழிபெயர்க்கவில்லை. கண்ணுக்கும் இமைக்கும் நடுவே ஒவ்வொருவருக்கும் உள்ள சொந்தத் திரையரங்கு என்று அதற்கு அவர்கள் தந்த விளக்கத்தை மட்டும் ஒரு வரியில் சொல்லியிருக்கிறேன். 2007ஆம் ஆண்டுத் தட்டைப் பற்றிய பத்தியில் ‘நீடிசை’ என்ற சொல்லையே பயன்படுத்தாமல் தப்பித்துவிட்டேன். பொறியாளர் ஐயா மன்னிக்கவும்.

கட்டுரையை அனுப்பியாயிற்று.


மடல் 16
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர்

அச்சுக்கு முந்தைய படி இப்போதுதான் வந்தது. அங்கே யாரோ ஒருவர், ‘நீடிசை’ எழுத்துப்பிழை என்று கருதி, வந்த இடமெல்லாம் ‘நேரிசை’ என்று திருத்தியிருக்கிறார். முதல் துணைத்தலைப்பு இப்போது ‘நேரிசையின் வரலாறு’ என்று நிற்கிறது. வெண்பா இலக்கணக் கட்டுரை என்று எண்ணிப் படிக்கத் தொடங்குபவர்களை ஆஸ்டின் நகரத்துக்கு எப்படி அழைத்துப் போவது? தொலைபேசியில் அரை மணிநேரம் பேசியிருக்கிறேன். மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.


மடல் 17
அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

முரலிசை என்று எழுதியிருந்தால் திருத்தியிருக்க மாட்டார்கள், தம்பி.